சும்மாதாங்க இருக்கேன்

தேவகி சும்மா உட்கார்ந்திருந்து கண்ணால் பார்த்தவர் சேவூரில் ஒருவரும் இல்லை. விடிந்ததும் குழாயடியில் மல்லுக்கட்டித் தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, தறியில் உட்கார்ந்திருக்கும் புருஷன் வேலுவுக்கு டீயை நீட்டிவிட்டு, ஆரணிக்கு டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். அங்கே சந்திரமோகன் முதலாளியின் கொட்டகையில், தறிகளுக்கு வேண்டிய பட்டு நூலை ராட்டையில் வைத்துச் சின்னச் சின்னக் குழல்களில் சுற்றித் தார் போடுகிற வேலை. உச்சி வெயிலில் வீடு திரும்பும்போது கையில் ஒரு பை இருக்கும். அதிலும் முதலாளியின் பட்டு நூல்தான். பொழுது சாய்கிறவரை வீட்டு ராட்டையில் அதையும் சுற்றி முடித்தாக வேண்டும்.

இப்படி இரண்டு இடத்தில் முதுகொடிகிறவளுக்குக் கொட்டகையில் வைத்த பேர் என்ன தெரியுமா? அரை ஆள்! கூலியும் அரைக்கூலி. பைக்குத் தனியாகக் காலணா கிடையாது. அது ஒத்தாசையாம். பை வேண்டாம் என்கிறவளுடைய ராட்டையில் மறுநாள் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். அப்படிப்பட்ட ஒத்தாசை.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. தார் சுற்றுகிறவர்களுக்கு அரசாங்கம் குறைந்தபட்சக் கூலியை உயர்த்திவிட்டது என்ற பேச்சு ஆரணி முழுக்க அடிபட்டது. கொட்டகைப் பெண்கள் ஆறு பேரும் முதலாளியிடம் போய் நின்றார்கள். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே சிரித்தார்.

"சட்டம் முழு ஆளுக்கும்மா. நீங்க மத்தியானமானா வூட்டுக்குக் கெளம்பிடுறீங்க. அரை ஆளுக்கு எவன் முழுக் கூலி குடுப்பான்?"

தேவகியின் மகள் மதிவதனி பத்தாவதில் நானூற்று முப்பது மார்க் எடுத்திருந்தாள். பிளஸ் ஒன் சேர்க்க வேண்டும். வேலு ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான்.

"படிக்க வேணாம்னு நான் சொல்லலை. உனக்கு முழுக் கூலி வந்தா போவட்டும். வரலைன்னா உங்கூட ராட்டையில ஒக்காரட்டும். என் ஒரு தறிய வெச்சிகினு நான் இன்னா பண்றது?"

தொழிலாளர் சங்கத்து நெடுஞ்செழியனிடம் போய் அழுதாள். அவன் லேபர் ஆபீசுக்கு மனு எழுதிப் போட்டான். ஆபீசர் கொட்டகைக்கு விசாரிக்க வருகிற தேதியும் தெரிந்தது. முந்தின நாள் டி.வி.எஸ். ஐம்பதில் வந்து அவளுக்குப் பாடம் நடத்திவிட்டுப் போனான்.

"அக்கா, கொட்டகையில அரை நாளு, பையில அரை நாளு. ரெண்டும் சேந்தா ஒரு நாளு. இதை மட்டும் ஆபீசர்கிட்ட வாயத் தொறந்து சொல்லிடு. மீதியை நான் பாத்துக்கறேன்."

மறுநாள் பஸ்ஸில் அதையே முணுமுணுத்துக்கொண்டு போனாள். "இன்னாம்மா, காலங்காத்தால மந்திரமா?" என்று கண்டக்டர் கிண்டல் செய்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆபீசர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் தேவகி சண்டைக்காரி மாதிரி நின்று பேசியிருப்பாள். அந்த மனுஷன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டார். முதலாளி நின்றுகொண்டிருக்கிறார், இவளுக்கு நாற்காலி! உடம்பெல்லாம் கூசிப்போய் விளிம்பில் ஒட்டிக்கொண்டாள்.

"எந்த ஊரும்மா?"

"சேவூருங்க."

"வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

"தறி நெய்றாருங்க."

"பசங்க?"

"ஒரே பொண்ணுங்க. பத்தாவது பாஸ் பண்ணிட்டாங்க."

"நல்லது. மத்தியானத்துக்கு மேல வீட்ல நீங்க என்ன பண்றீங்க?"

"வூட்ல சும்மாதாங்க இருக்கேன்."

அவ்வளவுதான். வாய் சொல்லி முடித்த பிறகுதான் காதுக்குக் கேட்டது. கல்யாண வீட்டில் கேட்டாலும், ஆஸ்பத்திரியில் கேட்டாலும், ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவன் கேட்டாலும், கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லிவந்த பதில் இது ஒன்றுதான். அவள் அம்மாவும் இதைத்தான் சொன்னாள். வீட்டில் என்ன செய்கிறாய் என்று மரியாதைப்பட்ட மனுஷர் கேட்டால், மரியாதைப்பட்ட பெண் சொல்கிற பதில். பாழாய்ப்போன நாக்கு, பழகின தடத்திலேயே ஓடிவிட்டது.

"இல்லீங்க, இல்லீங்க! சும்மா இல்லீங்க. தார் சுத்துவேங்க. முதலாளி பை குடுப்பாருங்க" என்று பதறி எழுந்தாள்.

"எந்தப் பை?" என்றார் சந்திரமோகன். "சார், இப்பதானே அவங்க வாயாலயே சொன்னாங்க. யாரோ சொல்லிக் குடுத்ததை மறந்துட்டு இப்ப மாத்திப் பேசுறாங்க."

அன்றைக்கென்று ஒருத்திக்கும் பை கொடுக்காமல் நிறுத்தி வைத்திருந்தார் படுபாவி. ஆபீசர் மற்ற பெண்களைப் பார்த்தார். எல்லாரிலும் மூத்த விருத்தாம்பாள் தரையைப் பார்த்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் தரையைப் பார்த்தார்கள்.

"மாத்தி மாத்திச் சொன்னா நான் எதைம்மா நம்பறது?" என்று ஆபீசர் கேட்டார். குரலில் வருத்தம்தான் இருந்தது. அந்த வருத்தத்தை வைத்துக்கொண்டு யாரும் பிளஸ் ஒன் சேர முடியாது.

வெளியே நெடுஞ்செழியன் தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, ஒரே ஒரு வார்த்தைக்கா..." என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

சந்திரமோகன் சட்டத்தை மீறவில்லை, அதையும் சொல்லிவிடவேண்டும். அரை நாளுக்குப் புதுக் கணக்குப்படி என்ன உண்டோ அதைக் கொடுக்க ஒப்புக்கொண்டார். கொடுத்தாக வேண்டும் என்றானதும் அரை நாளையே கால் நாளாக்கிவிட்டார். "பத்தரைக்கு எல்லாரும் கெளம்பிடுங்கம்மா. வூட்ல ஜாலியா இருங்க" என்றார். போகும்போது பை இரண்டானது. கொட்டகைக்குள் ஆபீசர் வரலாம், யார் வீட்டு அடுப்பங்கரைக்குள் எந்த ஆபீசர் வந்து எட்டிப் பார்க்கப் போகிறார்?

இரண்டாவது பைக்கு இரண்டாவது ராட்டை வேண்டியிருந்தது. வேலு எங்கேயோ பழையது ஒன்றை வாங்கிவந்து தேவகியின் ராட்டைக்குப் பக்கத்தில் போட்டான். மதிவதனி போய் அதன் முன்னால் உட்கார்ந்தாள். நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவகிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் கழித்து அபிதகுசாம்பாள் டீச்சர் தேடிக்கொண்டு வந்தார். மதிவதனிக்குப் பத்தாவதில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். வெயிலில் முகம் சிவந்து, குடையை மடக்கியபடி வாசலிலேயே நின்றார்.

"நல்லா படிக்கிற பொண்ணும்மா. ஏன் இன்னும் சேக்கலை? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க டீச்சர்."

"அப்ப வீட்ல என்னதான் பண்றா?"

உள்ளே மதிவதனியின் ராட்டை கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. டீச்சருக்கும் அது கேட்டிருக்கும். பெற்ற பெண்ணைக் கூலியில்லாமல் உழைக்க உட்கார வைத்திருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? தேவகி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"சும்மாதாங்க இருக்கா."

உள்ளே ராட்டை நின்றது. டீச்சர் குடையை விரித்துத் தெருமுனை தாண்டும்வரை அது ஓடவில்லை. அதற்கப்புறம் ஓட ஆரம்பித்தது, முன்னைவிட வேகமாக.