இரண்டாவது நாற்காலியை எங்கே போடுவது?

"ஃபிரிட்ஜை அணைச்சுட்டுப் பாட்டு கேக்கற மனுஷன்கூட எந்த நம்பிக்கையில இருக்கப் போறம்மா? பெட்டியை எடு, கிளம்பலாம்."

"மெதுவாப் பேசுடி. உள்ளதான் இருக்காரு."

"இருந்தா என்ன? சுவரெல்லாம் மெத்தை அடிச்சு வெச்சிருக்காரு. இடி விழுந்தாலும் அவருக்குக் கேக்காது."

கேட்டது. அன்று நான் பாட்டே போடவில்லை. மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் என் நாற்காலியில் போய் உட்கார்ந்திருந்தேன்.

"மறந்துட்டாருடி. வேணும்னா செஞ்சாரு?"

"மறந்தது போகட்டும். மூணு வாரம் வாயைத் தொறக்கலையே, அதுவும் மறதியா?"

கேட்டவள் என் மகள். என் மனைவி பெட்டியின் ஜிப்பை இழுக்கும் சத்தம் வந்தது. அது இடமிருந்து வலமாகப் போனது என்றுகூட என்னால் சொல்ல முடியும். அப்படிப் பழகிப்போன காது.

இந்தக் குழுவில் எல்லாரும் புதிதாக வாங்கிய ஸ்பீக்கரைப் பற்றி எழுதுகிறீர்கள். எனக்கு எழுத இதுதான் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருஷமாக ஒரே கேள்வி. லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இதுவா?" கடைக்கு வந்த பல் டாக்டர் ஒருவர்தான் என்னை இதில் இழுத்துவிட்டார். "நாள் பூரா காதுகிட்ட டிரில் சத்தம் சார், அதைக் கழுவ வேண்டாமா?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டார். அங்கே ஓர் அறை. எதிரே இரண்டு ஸ்பீக்கர், நடுவில் ஒரே ஒரு நாற்காலி. என்னை அதில் உட்காரவைத்துவிட்டு அவர் சுவரோரம் நின்றுகொண்டார். ஒரு பெண் பாடினாள். நன்றாகத்தான் இருந்தது.

"கேட்டுச்சா?"

"என்னது?"

"ரெண்டாவது வரிக்கு முன்னால மூச்சு வாங்கினாங்களே!"

திரும்பப் போட்டார். இந்த முறை கேட்டது. எனக்கு நாலடி எதிரே, யாருமே இல்லாத இடத்தில், ஒருத்தி மூச்சை உள்ளே இழுத்தாள். கையெல்லாம் சிலிர்த்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பழைய செட்டில் அதே பாட்டைப் போட்டேன். மூச்சு இல்லை. அவ்வளவுதான். சரியான பவருக்குக் கண்ணாடி போட்டவன் பழையதைத் திரும்பப் போடமாட்டான், இது என் தொழிலிலேயே நான் பார்த்தது. ஸ்பீக்கர் மாறியதும் ஆம்ப்ளிஃபையரின் குறை தெரிந்தது. அது மாறியதும் வயர். வீட்டில் பாதி விலைதான் சொன்னேன். பாதிக்கே அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

ஒருநாள் அவளை உட்காரவைத்து, வயரை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லாருக்கா, இதுவா?" என்று கேட்டேன்.

"எனக்கு ரெண்டும் பாட்டாத்தாங்க கேக்குது. அடுப்புல பால் இருக்கு, போகட்டா?"

அதற்கப்புறம் அவளைக் கூப்பிடவில்லை. சோபா சத்தத்தைக் குடிக்கிறது என்று டாக்டர் சொன்னதால் அதையும் தள்ளிவிட்டேன். "அப்ப நான் எங்க உக்காருவேன்?" என்றாள். "நீதான் கேக்கறதே இல்லையே" என்றேன். அவள் அந்த இடத்தைப் பெருக்கிவிட்டுப் போனாள்.

மிச்சமிருந்த ஒரே தொந்தரவு சமையலறை ஃபிரிட்ஜ். மூச்சு வருகிற இடத்தில் சரியாக உறுமும். "நான் அணைச்சுட்டுத்தான் சார் கேப்பேன்" என்றார் டாக்டர். "மறக்காம இருக்க ஒரு வழி இருக்கு. கார் சாவியை உள்ள வெச்சிருங்க. வெளிய கிளம்பணும்னா ஃபிரிட்ஜைத் தொறந்துதானே ஆகணும்?" நல்ல யோசனை. எட்டு மாசம் ஒருமுறைகூடப் பிசகவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மகள் தன் காரோடு வந்து வாசலில் ஹாரன் அடித்தாள். எங்களை ஏற்றிக்கொண்டு போய் இரண்டு நாள் அவள் வீட்டில் வைத்திருந்தாள். கொளுத்துகிற வெயில் காலம். ஞாயிறு சாயங்காலம் கதவைத் திறந்ததும் வாடை வந்தது. மனைவி கால் கழுவப் போன நேரத்தில் ஓடிப்போய் ஃபிரிட்ஜைப் போட்டேன், தரையைத் துடைத்தேன், திரிந்த பாலைக் கொட்டினேன். உள்தட்டில் என் சாவி ஈரமாகக் கிடந்தது. பக்கத்தில் அவள் அடுத்துப் பிரிக்க வைத்திருந்த இன்சுலின் டப்பா. எடுத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

திரும்ப வைத்துவிட்டேன். எறிந்தால் ஏன் எறிந்தேன் என்று சொல்ல வேண்டும். மறுபடி குளிர்ந்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பால் சரியாகாது என்று தெரிந்தவனுக்கு இது தெரியாதா?

மூன்று வாரம் அதைத்தான் போட்டுக்கொண்டாள். சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. காய்கறிக் கடைப் படியில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "மருந்து ஃபிரிட்ஜ்லதானே இருக்கு?" என்று கேட்டார்.

"ஆமா டாக்டர். கதவுப் பக்கம்கூட வெக்கறதில்ல, உள்ள தள்ளித்தான் வெப்பேன்" என்று சொல்லிவிட்டு, சாட்சிக்கு என் முகத்தைப் பார்த்தாள். நான் எதிர்ச் சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையைக் கடைசிப் பொடி எழுத்து வரைக்கும் படித்தேன்.

மூன்றாம் நாள்தான் சொன்னேன். மகளும் இருந்தாள். மனைவி ரொம்ப நேரம் போர்வையை நீவிக்கொண்டிருந்தாள். "பாலைக் கொட்டினீங்களே, இதைக் கொட்ட மனசு வரலையா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு மகளோடு போய் இரண்டு மாசமாகிறது. நடுவில் பல் டாக்டர் ஒருமுறை வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டு, "வீடு நல்ல அமைதியா இருக்கு சார்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

போன வாரம் மனைவி ஃபோன் செய்தாள். சர்க்கரை இறங்கிவிட்டதாம். மட்டமான ஃபோன்தான் என்னுடையது, அதிலும் அவள் மூச்சு கேட்டது.

"வந்துடேன்" என்றேன்.

"வந்து எங்க உக்காருறது?"

சிரித்துக்கொண்டு சொன்னாளா என்று தெரியவில்லை. இத்தனை பழகிய காதுக்கு அது பிடிபடவில்லை.

வைத்ததும் சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து என்னுடையதற்குப் பக்கத்தில் போட்டேன். நான்கு நாளாக டேப் வைத்து அளந்து, விரல் விரலாக நகர்த்துகிறேன். என் நாற்காலி நடுவில் இருந்தால் அவளுக்குப் பாட்டு ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. அவளை நடுவில் வைத்தால் எனக்குப் பாடுகிறவளின் மூச்சு போய்விடுகிறது. போகட்டும் என்றுதான் இப்போது அவளுடையது நடுவில் இருக்கிறது. சாவி ஆணியில் தொங்குகிறது. ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து மிச்சத் துணிகளை எடுத்துப்போவதாக மகள் சொல்லியிருக்கிறாள். உங்களில் யாராவது வீட்டில் இரண்டு பேராக உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறீர்களா? நாற்காலிகளை எப்படிப் போட்டிருக்கிறீர்கள்? என்ன ஸ்பீக்கர் என்று சொல்ல வேண்டாம், நாற்காலி மட்டும் போதும். சனிக்கிழமைக்குள் எழுதுங்கள்.