ஈஸ்வரியின் அலமாரி விளக்கு

சுவர் அலமாரிக்குள் தலையை நுழைத்து பல்பு ஹோல்டரை முடுக்கிக்கொண்டிருந்தான் இளவரசன். அடிவார ஊரிலிருந்து ஜவ்வாது மலைக்கு வயரிங் வேலைக்கு வந்தவன். வீட்டுக்காரன் ரமேஷ், திருப்பத்தூரில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு வித்தையைப் பார்த்திருந்தான். அலமாரிக் கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியும், மூடினால் அணையும். அதைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“குண்டு பல்பு சூடாவும்ணா. எல்இடி பட்டை போட்டுக்கலாம். பன்னெண்டு வோல்ட்டுதான்” என்றான் இளவரசன்.

“அங்க மஞ்சளா சோக்கா இருந்துச்சு தம்பி. அதையே போடு.”

எதற்கு மனஸ்தாபம் என்று இளவரசனும் அதையே போட்டான். “அப்போ மேல்தட்டுல துணிகிணி வைக்காதீங்க. கதவ நல்லா அழுத்தி மூடுங்க” என்று ரமேஷிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

டீ டம்ளரை எடுக்க வந்த ஈஸ்வரி, “இன்னாங்க சொல்லிட்டுப் போறாரு?” என்று புருஷனைக் கேட்டாள்.

“கரண்ட் சமாச்சாரம். உனுக்கு இன்னாத்துக்கு?”

அந்த அலமாரியை நாளெல்லாம் திறந்து மூடுகிறவள் அவள். ஐயாவோ தன் சட்டையைக்கூட எடுத்துக் கொடுக்கச் சொல்கிற ரகம்.

மார்கழிப் பனி இறங்கியது. வெயில் தலைகாட்டவே இல்லை. கைக்குழந்தை சுவேதாவின் துணிகள் கொடியில் ஈரமாகவே தொங்கின. அலமாரியில் எதையோ தேடியபோது விளக்கருகே கை வெதுவெதுப்பாக இருப்பதை ஈஸ்வரி கவனித்தாள். குழந்தைத் துணிகளை மேல்தட்டில் பரப்பினாள். முழுக்க மூடினால் விளக்கு அணைந்துவிடுமே என்று கதவை ஒருக்களித்து வைத்தாள். மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் துணி உலர்த்திப் பழகியவள். இதில் அவளுக்குத் தப்பே தெரியவில்லை.

பின்கட்டில் சாமை புடைத்துக்கொண்டிருந்தபோது தீய்ந்த வாடை வந்தது. ஓடினாள். அறை முழுக்கப் புகை. அலமாரிக்குப் பக்கத்துத் தூளியில் குழந்தை இருமிக்கொண்டிருந்தது. அள்ளிக்கொண்டு கத்தியபடி வாசலுக்குப் பாய்ந்தாள். சத்தம் கேட்டு வந்த ரமேஷ், மெயினை அணைத்துவிட்டு ஈரச்சாக்கால் நெருப்பை அடித்தான்.

“கொழந்தையே போயிருக்கும். உனுக்கு அறிவு கீதா?” என்று கத்தினான். அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

மறுநாள் இளவரசன் வந்து கருகிய தட்டைப் பார்த்தான். “மேல்தட்டுல துணி வைக்கக்கூடாதுன்னு அன்னைக்கே சொன்னேனே.”

“யார்கிட்ட சொன்ன தம்பி?” என்றாள் ஈஸ்வரி.

அவன் ரமேஷைப் பார்த்தான். ரமேஷ் தரையைப் பார்த்தான்.

“அவருகிட்ட சொன்ன. அலமாரிய தொறக்கறது நானு. கேட்டதுக்கு, உனுக்கு இன்னாத்துக்குன்னாரு. எம் பொண்ணுக்கு எதுனா ஆயிருந்தா பழி மட்டும் எனுக்கா?”

ரமேஷுக்கு முகம் சுண்டிப்போனது. வெட்கமாகத்தான் இருந்தது. “தப்பு என்னுதுதான் ஈஸ்வரி” என்றான்.

“என்னுதுந்தான்கா. வேணாம்னு தெரிஞ்சே போட்டேன்” என்றான் இளவரசன்.

பல்பு போய், சூடேறாத பட்டை விளக்கு வந்தது. அதன் அடாப்டரைக் காற்றோட்டமாக அலமாரிக்கு வெளியே வைத்து, கதவுக் கீலில் நசுங்காதபடி வயரை ஓரமாகக் கொண்டுபோனான் இளவரசன். வேலை முடிந்ததும் வழக்கம்போல ரமேஷ் பக்கம் திரும்பினான்.

“அவகிட்ட சொல்லு தம்பி” என்றான் ரமேஷ். “நானும் கேட்டுக்கறேன்.”

இளவரசன் ஒவ்வொன்றாகக் காட்டினான். ஈஸ்வரி கேள்வி கேட்டுக் கேட்டுத் தானே ஒருமுறை சுவிட்சை அணைத்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

“இனிமே எந்த வூட்டுக்குப் போனாலும், அத பொழங்கறவங்க யாருன்னு கேட்டு அவங்ககிட்ட சொல்லிட்டு வா தம்பி. அதுவரைக்கும் உன் வேலை முடியல.”