இரண்டு அங்குலம்

தெருவே அவளை ‘மனு அக்கா’ என்றுதான் கூப்பிடும். மழைநீர் வடிகால் கேட்டு நாலு வருஷம் மனு கொடுத்துக் கொடுத்தே செருப்பு தேய்ந்தவள். “இந்தம்மா தலை தெரிஞ்சாலே டீ குடிக்கக் கிளம்பிடணும்டா” என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டதைக் காதாலேயே கேட்டவள். அப்போதும் அசரவில்லை. எப்படி அசருவாள்? போன மழையில் வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர். இடுப்புக்குக் கீழே அசைவில்லாத புருஷனைக் கட்டிலோடு செங்கல் மேல் ஏற்றிவிட்டு, இரண்டு நாள் அந்தத் தண்ணீரிலேயே நின்றாள். இன்னொரு தடவை அப்படி ஆனால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

ஒருவழியாக வேலை நடந்தது. ஏழு வீட்டுத் தெரு, இவளுடையது ஐந்தாவது. ஏழாவது வீட்டைத் தாண்டினால் பெரிய கால்வாய். அச்சில் வார்த்த சிமெண்டு வாய்க்கால் துண்டுகளை வரிசையாக இறக்கி, மூடியும் போட்டாயிற்று. மறுநாள் காலை இணைப்புகளைப் பூசிவிட்டால் முடிந்தது கதை. அப்புறம் யார் தலைகீழாக நின்றாலும் அசைக்க முடியாது.

எதையும் சோதிக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. அன்று மத்தியானம் மூடியை நெம்பி, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். கால்வாய்ப் பக்கம் ஓட வேண்டிய தண்ணீர் கொஞ்ச தூரம் போய், நின்று, சாவகாசமாக அவள் காலடிக்கே திரும்பி வந்தது.

“அடப்பாவிகளா!”

போட்ட சத்தத்தில் மேஸ்திரி கரண்டியும் கையுமாக ஓடி வந்தார். தண்ணீரைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார்.

“வாசல் படியில கார் இடிக்குதுன்னு ஆறாம் வீட்டு வாத்தியார் ரெண்டு அங்குலம் ஏத்தச் சொன்னாரு. அவருக்கு மட்டும் என்ன ஒசத்தின்னு ஏழாம் வீட்டு பேக்கரிக்காரர் மூணு கேட்டாரு. துண்டு எல்லாம் ஒரே ஆழம். மேல ஏத்தினா அடியும் சேர்ந்து ஏறத்தானே செய்யும்?”

“அவங்க கேட்டா? உங்க புத்தி எங்க போச்சு?”

“முதல்ல கேட்டது நீங்கதானேக்கா.”

ஆமாம், அவளேதான் கேட்டாள். வாசல் கேட்டின் படியும் வாய்க்கால் மூடியும் ஒரே மட்டமாக இருக்கும்படி கொஞ்சம் ஏற்றிப் போடச் சொல்லிக் கெஞ்சிக் கேட்டாள். அந்தப் படி தடுக்கியதால் மூன்று வருஷம் அவள் புருஷன் வாசலைத் தாண்டவில்லை. சக்கர நாற்காலியைத் தூக்க இன்னொரு கை வேண்டும், அதை யாரிடமும் கேட்க மாட்டார். “நான் என்ன மூட்டையா, ஆளாளுக்குத் தூக்க?” என்பார். இப்போது மூன்று நாளாகத் தானே உருட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போய், பேப்பர் படித்து, நாலு பேரோடு சண்டை போட்டுவிட்டு வருகிறார். “கூட வராதே” என்று அவளை ஒரு அதட்டல் வேறு. கேட்டுக்குப் பின்னால் நின்று அவள் சந்தோஷத்தில் அழுதிருக்கிறாள்.

“எங்களுதை இறக்கிட்டு, மூடி மேல சரிவாப் பூசிக் கொடுங்களேன்.”

“பூசினா தூர் வார மூடியை எப்படிக்கா தூக்கறது? பலகை போட்டுக்கலாம். ஆனா ஒவ்வொரு தடவையும் அதை எடுத்துப் போட ஆள் வேணும்.”

“சரி, அவங்க ரெண்டு பேருதை மட்டும் இறக்கினா?”

“உங்க வீடு தப்பிச்சுடும். நாலாம் வீட்டுல தேங்கும்.”

அவள் விறுவிறுவென்று வாத்தியார் வீட்டுக்குப் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: “முதல்ல உங்க வீட்டுல இறக்குங்கம்மா. அப்புறம் எங்களுக்குச் சொல்லலாம்.” மாடியிலிருந்து பேக்கரிக்காரர், “அப்படிப் போடுங்க சார்!” என்றார். பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. பேச்சில் நியாயம் இருந்ததால் எரிச்சல் இரண்டு பங்காயிற்று.

வீட்டுக்குள் வந்து புருஷனிடம் ஒன்று விடாமல் சொன்னாள். “நாலு வருஷம் நாயா அலைஞ்சு வாங்கின வாய்க்காலை நானே கெடுத்துட்டேங்க. சரி பண்ணணும்னா உங்களைத் திரும்ப உள்ளேயே உட்கார வைக்கணும். என்ன செய்யட்டும்?”

அவர் நாற்காலியைத் திருப்பினார். விடுவிடுவென்று வாசல் தாண்டி வெளியே உருட்டிக்கொண்டு போய், வாத்தியார் கேட்டுக்கு முன்னால் நிறுத்தினார்.

“சார், எங்க வீட்டுலதான் முதல் கடப்பாரை. வந்து பாருங்க. அடுத்து உங்களது.”

மேஸ்திரி இரண்டு ஆட்களோடு மூடியைத் தூக்கி, துண்டைக் கிளப்பி, அடியில் மண்ணை வெட்டி இறக்கினார். அவள் சும்மா நிற்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண் அள்ளினாள். வாத்தியார் பார்த்துக்கொண்டே இருந்தார். தன் முறை வந்தபோது தானாகவே காரை நகர்த்தினார். பேக்கரிக்காரர் கொஞ்சம் முரண்டு பிடித்தார். தெருவே திரும்பி முறைத்ததும், “செய்ங்கப்பா, செய்ங்க” என்று இறங்கி வந்தார்.

இருட்டுவதற்குள் வேலை முடிந்தது. நாலாம் வீட்டு வாசலில் அவள் வாளியைக் கவிழ்த்தாள். தண்ணீர் மூன்று வீட்டையும் கடந்து ஓடிக் கால்வாயில் விழுந்தது. ஒருத்தரும் கைதட்டவில்லை. எல்லாருக்கும் முதுகு வலி.

அப்போதுதான் புருஷன் இன்னும் தெருவில் இருப்பது அவளுக்கு உறைத்தது. ஓடிப்போய் நாற்காலியைத் தள்ளினாள். முன்சக்கரம் படியில் முட்டி நின்றது. மறுபடி தள்ளினாள். மண் அள்ளிச் சோர்ந்த கை, ஏறவில்லை. யாரும் பார்க்கவில்லை என்பது போலத் தெரு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் பிடிவாதம் அவர்களுக்குத் தெரியாதா என்ன?

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“வாத்தியார் சார், அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க.”