ஒன்று, மூன்று, இரண்டு

குக்கர் மூடி சுவரில் மோதித் திரும்பி அண்ணியின் நெற்றியைக் கிழித்தது. அண்ணன் தங்கையைப் பார்த்து எறிந்ததுதான். இடது கை இன்னும் பழகவில்லை, குறி தப்பிவிட்டது. அண்ணனின் வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம். மற்ற நான்கும் பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ்ஸோடு போயின.

"நான் பெடலை மிதிக்கலைடி. கரண்ட் போய் உடனே வந்துச்சு. அதுவா இறங்கிச்சு."

மூடி பறப்பதற்கு முன் அவன் சொன்ன இதற்குத்தான் தங்கை வழக்கமான பதிலைச் சொல்லியிருந்தாள். "தானா இறங்காதுண்ணே. நானே எத்தனையோ தடவை ஓட்டிப் பாத்திருக்கேன்." அந்தப் பிரஸ்ஸை ஆட்டிவைக்கும் புரோகிராம் அவள் கம்பெனியில் எழுதியது. அதைச் சோதித்து, சரி என்று கையெழுத்துப் போட்டவள் அவள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வேலை என்று வந்துவிட்டால் அவளுக்கு அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது.

மூடி தப்பியதும் அவன் மேசையை உதைத்துக் கவிழ்த்தான். எழுந்து வந்து அவள் முடியைப் பிடித்து உலுக்கினான். மூச்சு வாங்கியதும் விட்டுவிட்டு, உள்ளே போய்க் கதவை அறைந்தான்.

அண்ணி நெற்றியில் துண்டை அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். "நம்புறேன்னு ஒரு வார்த்தை சொல்லேன். பொய்யாவாச்சும் சொல்லு."

"தெரிஞ்சே எப்படி அண்ணி பொய் சொல்றது?"

"நீ அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணு மாதிரி சொல்லிட்டுப் போயிடற. அப்புறம் அவரு யாரை அடிக்கிறாருன்னு நினைச்ச?"

அவள் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

சோதனைக்கூடத்தில் நிஜப் பிரஸ் எதுவும் கிடையாது. கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதைப் பிரஸ் என்று நம்பவைத்து ஓட்டுவார்கள். வெர்ச்சுவல் மெஷின் என்று பெயர், உடம்பில்லாத பிரஸ். அது எழுந்து திரையில் பேச ஆரம்பிப்பதற்குள் பாதி வேலை முடிந்துவிடும், அந்த நேரத்தில் என்ன நடந்தாலும் வெளியே தெரியாது. அதனால் அவள் மட்டும் சீரியல் கன்சோலை முதல் மூச்சிலேயே திறந்துவிடுவாள். அது பழங்காலத்துக் கம்பிவழி, எழுத்தெழுத்தாகத்தான் சொல்லும். கண் விழித்தேன், கத்திக்கடியில் கை இருக்கிறதா பார்த்தேன், பிரஸ்ஸை இறக்கும் வால்வைத் திறந்தேன் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு நீண்ட வரி. மற்றவர்கள் இந்தச் சள்ளையெல்லாம் படமாட்டார்கள். அவளுக்கு அதில் ஒரு கர்வமே உண்டு.

அன்று காலை முழுக்க மின்சாரத்தை அறுத்து அறுத்துக் கொடுத்தாள். உடம்பில்லாத பிரஸ் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகக் கையைப் பார்த்த பிறகே வால்வுக்குப் போனது. அண்ணன் பொய்தான் சொல்கிறான் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகைகூட வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்தப் பொய்க்காக அண்ணி நெற்றி கிழிய வேண்டுமா?

மேலாளர் பின்னால் வந்து மேசையில் குத்தினார். குத்தாமல் அவருக்குப் பேச வராது. கூடத்தில் அவருக்குச் சுத்தியல் என்றே பெயர். "இன்னுமா உங்க அண்ணன் கதை? ரிப்போர்ட்டை முடிம்மா. திரையில இது என்ன, கல்யாண மண்டபத்துல பேசற மாதிரி வளவளன்னு? பட்டறைக்குப் போற கன்ட்ரோல் பெட்டியில இந்த வரியெல்லாம் வராம வாயடைச்சுட்டுத்தானே அனுப்புறோம்."

அவர் போய்விட்டார். அவள் திரையில் எழுத்தெழுத்தாக இறங்கும் வரிகளைத் திரும்பப் பார்த்தாள்.

ஒரு வரி கம்பியில் இறங்கி முடியும்வரை அடுத்த படி காத்திருக்கும். அந்தக் காத்திருப்பில்தான் கையைப் பார்க்கும் சென்சார் நிதானமாக விழித்துக்கொண்டிருந்தது. பட்டறையில் இருப்பது வாயடைத்த பெட்டி. அது யாருக்காகவும் காத்திருக்காது.

வரிகளையெல்லாம் வெட்டினாள். விழித்ததற்கு ஒன்று, கையைப் பார்த்ததற்கு இரண்டு, வால்வு திறந்ததற்கு மூன்று. ஒவ்வொரு படிக்கும் ஒற்றை எண், அவ்வளவுதான். மின்சாரத்தை அறுத்து உடனே கொடுத்தாள்.

ஒன்று. மூன்று. இரண்டு.

மறுபடி கொடுத்தாள். ஒன்று, மூன்று, இரண்டு. கை இருக்கிறதா என்று பார்ப்பதற்குள் பிரஸ் இறங்கிவிட்டது. அவள் இத்தனை காலம் பேசவைத்துப் பேசவைத்தே அந்தத் தப்பை மூடிவைத்திருந்தாள். திரையைப் போனில் படம் எடுத்து, "எல்லா பிரஸ்ஸையும் இப்பவே நிறுத்துங்க" என்று பட்டறைக்கு அனுப்பினாள்.

சுத்தியல் வந்து பார்த்தார். முகம் வெளிறி, பவர் வயரைப் பிடுங்கி எறிந்தார். "இது வெளிய போனா முதல்ல மாட்டப்போறது உன் கையெழுத்துதான்." அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருகி, கையிலிருந்த போனைப் பறிக்கப் பார்த்தார்.

அவள் மறுகையால் கீபோர்டைத் தூக்கி அவர் முகத்தில் ஓங்கி அடித்தாள். பொத்தான்கள் பல்லைப்போலச் சிதறின. அடிக்க வேண்டியது அவரையா தன்னையா என்று தெரியாமல் இன்னொன்றும் கொடுத்தாள். "போயிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

வீட்டில் கவிழ்ந்த மேசையை யாரும் நிமிர்த்தியிருக்கவில்லை. அண்ணியின் நெற்றி வீங்கி ஒரு கண்ணை மூடியிருந்தது. கன்னத்தில் புதிதாக ஒரு தடிப்பு. அண்ணன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான்.

"நீ சொன்னது நிஜம்ண்ணே. அதுவாத்தான் இறங்கியிருக்கு."

அவன் நிமிர்ந்தான். இத்தனை நாளும் அவன் கேட்ட ஒரே வார்த்தை அதுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம், அவளால் முடியவில்லை. "நான் ஓட்டுன விதம் தப்பு. ஒழுங்கா ஓட்டியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். உன் விரல் போயிருக்காது."

அண்ணன் மெல்ல எழுந்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

அறை விழுந்தது. கண்ணைத் திறந்தால் எதிரே நின்றது அண்ணி. அடுத்த அறை காதோடு விழுந்தது, அதற்கடுத்தது வாயில். வாங்கியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுப்பவள்போல அண்ணி அடித்தாள். தங்கை கையைத் தூக்கித் தடுக்கவில்லை, உதட்டிலிருந்து ரத்தம் துப்பட்டாவில் இறங்கியது.

"விடுடி, போதும்" என்று அண்ணன் குறுக்கே பாய்ந்தான். பதற்றத்தில் வலது கையைத்தான் நீட்டினான். கட்டுப்போட்ட அந்தக் கையாலேயே அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்தான். பிடிக்க அங்கே விரல் இல்லை. மணிக்கட்டு வழுக்கி வெளியே வந்து, மறுபடி ஓங்கியது.