நெல் சாமியிடம் தோற்றவன்

தெப்பெய் வீட்டில் சாமிப் பலகையை மூடி ஒட்டியிருந்த வெள்ளைக் காகிதம் மஞ்சளாகியிருந்தது. பூசாரி மியாகே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தார்.

"இது எப்ப ஒட்டினது?"

"மிஹோ போன அன்னிக்கு."

"ஐம்பதாம் நாள் எடுக்கணுமே."

"மறந்துட்டேன்."

"ரெண்டு வருஷமாவா?"

வீட்டில் சாவு விழுந்தால் சாமியின் முகத்தை மூடிவிட வேண்டும். அந்தத் தீட்டு சாமிக்கு ஆகாது. எதிர்ச்சுவரில் புத்தர் மாடம் இருந்தது. அதில் அவன் மனைவி மிஹோவின் பெயர் எழுதிய பலகை. செத்தவர்கள் புத்தர் பொறுப்பு, பிறப்பும் விளைச்சலும் சாமி பொறுப்பு. அந்த ஜப்பானியத் தீவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் பாகம் பிரித்து வைத்திருந்தார்கள். தெப்பெய் தினமும் காலையில் மாடத்தில் ஒரு கிண்ணம் சோறு வைப்பான். கும்பிடுவான். எட்டேகாலுக்கு ஊராட்சி அலுவலகம் போய்க் கழிவுத்தொட்டி விண்ணப்பங்களில் முத்திரை குத்துவான். முப்பத்தொரு வயது. அவன் அழுது யாரும் பார்த்ததில்லை. அவனும்தான்.

மியாகே முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். காகிதத்தை ஒரே இழுப்பில் கிழித்தார். உள்ளே கையளவு மரக் கோயில், காய்ந்த இலைக்கொத்து, தூசி.

"பாவம், ரெண்டு வருஷமா இருட்டுல உக்காந்திருக்கார்," என்றார். இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டார். "சரி, வந்த விஷயத்தைச் சொல்றேன். நீ தோக்கணும்."

"யார்கிட்ட?"

"நெல் சாமிகிட்ட."

ஜூன் மாத நடவுத் திருவிழாவில் கோயில் வயலோரம் மண்மேடை போடுவார்கள். ஒரு மனிதன் நெல் சாமியோடு மல்லுக்கட்டுவான். சாமி கண்ணுக்குத் தெரியாது. மூன்று ஆட்டம். முதல் வெற்றி சாமிக்கு, இரண்டாவது மனிதனுக்கு, மூன்றாவது சாமிக்கு. சாமி ஜெயித்தால் பயிர் விளையும். தோற்றவன் முதுகில் ஒட்டிய மண்ணை ஊர்க்காரர்கள் கிள்ளிக்கொண்டு போய் அவரவர் வயலில் போடுவார்கள். மண்ணை எடுத்தால் தோல்வியை ஏற்றுக்கொண்டார்கள் என்று அர்த்தம். போன வருஷம் தபாலாபீஸ்காரர் ஆடினார். மெத்தையில் படுப்பதுபோல விழுந்து, எழுந்ததும் தானே முதுகைத் தட்டிவிட்டுக்கொண்டார். ஒருவரும் கிட்டே போகவில்லை. அந்த அறுவடைக்கு முன் புகையான் பூச்சி இறங்கி வயல் வயலாகக் கருக்கிவிட்டது.

"பூச்சிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?" என்றான் தெப்பெய்.

"எனக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியும். இந்த வருஷமும் மண்ணை எடுக்கலேன்னா பாதிப் பேர் நாத்தே நட மாட்டாங்க. நாலு வருஷம் ஒசாக்கா காலேஜ்ல சுமோ ஆடினவன் நீ. உன்னை விட்டா ஆள் இல்ல."

மறுக்க நிறையப் பேச வேண்டும். ஒத்துக்கொள்ள ஒரு சொல் போதும். தெப்பெய் "சரி" என்றான்.

*

பயிற்சி பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. நடுவர் தோகுஜி, ஊர் முடிதிருத்துபவர். இடுப்பு எலும்பு நொறுங்கும்வரை பதினோரு வருஷம் சாமியோடு ஆடியவர் அவர்தான். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, ஐஸ் குச்சியைச் சப்பிக்கொண்டே பார்த்தார்.

தெப்பெய் காற்றைப் பிடித்தான். இரண்டு அடி பின்னால் போனான். விழுந்தான்.

"என்னடா இது? லாரியிலேர்ந்து மூட்டை இறக்கற மாதிரி இருக்கு."

"விழச் சொன்னீங்க, விழுந்தேன்."

"விழச் சொன்னது யாரு? தோக்கச் சொன்னோம். தானா விழறதுக்கு என் சித்தப்பா போதும், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அதைத்தான் செய்யறார்."

தெப்பெய் எழுந்து மண்ணைத் தட்டினான்.

"தட்டாதேடா! அது உன் மண்ணா?"

"அண்ணே, எதிர்ல யாரும் இல்லையே. இல்லாதவர்கிட்ட எப்படித் தோக்கறது?"

தோகுஜி குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "என் கடைக்கு வர்றவன் எவனாவது, முதல்ல சாமி எங்கே இருக்காருன்னு சொல்லு, அப்புறம் தலையைக் காட்டறேன்னு சொல்றானா? உக்கார்றான், வெட்டறேன். நீயும் பிடி. மத்ததெல்லாம் படிச்சவங்க வேலை."

"நானும் படிச்சவன்தான்."

"அதான் இந்த லட்சணத்துல விழறே."

திருவிழாவுக்கு முந்தின நாள் மாமியார் கினுயோ வந்தாள். துவைத்து மடித்த இடுப்புப் பட்டையைக் கொண்டு வந்தாள். பத்து முழத்துக்கு மேல் நீளமுள்ள கெட்டித் துணி. காலேஜில் அவன் கட்டியது. மிஹோ தன் அம்மா வீட்டுப் பரணில் போட்டு வைத்திருந்தாள்.

கினுயோ மாடத்தின் முன் ஊதுவத்தி ஏற்றினாள். திரும்பி, காகிதம் கிழிந்திருந்த சாமிப் பலகையைப் பார்த்தாள்.

"மாப்ள, எனக்கு இருக்கறது ஒரே துண்டு வயல். போன வருஷம் வைக்கோல்கூடத் தேறல. ஒழுங்கா தோத்துட்டு வாங்க."

"பாக்கறேன் அத்தை."

"அவ சொல்லுவா, நீங்க தோத்து அவ பாத்ததே இல்லையாம். ஒவ்வொரு தடவையும் ஒசாக்காவுக்கு டிக்கெட் எடுத்துப் போய், ஜெயிக்கறதையே பாத்துட்டு வர்றது போரடிக்குதுன்னு."

அது உண்மை. அவன் பெரிதாகத் தோற்றது ஒரே ஒரு தடவை. ஆஸ்பத்திரி நான்காம் மாடியில், மத்தியானம் இரண்டு மணிக்கு. அங்கே எதிராளி இல்லை. இயந்திரம் சத்தத்தை நிறுத்தியது. தாதி ஒரு தாளை நீட்டினாள். அவன் கையெழுத்துப் போட்டான். யாரும் அவனைத் தள்ளவில்லை. நின்றபடியே தோற்றான். இரண்டு வருஷமாக அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

*

விடிந்ததும் கடலில் இறங்கி மூன்று முறை முழுகினான். மியாகே தலைக்கு மேல் வெள்ளைக் காகிதக் குச்சத்தை ஆட்டி மந்திரம் சொன்னார். பத்து மணிக்கு வெயில் மேடையை வறுத்தது. கோயில் வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. வரப்பில் நடவுப் பெண்கள் பதினாறு பேர் நாற்றுக் கட்டோடு வரிசையில் நின்றார்கள். தோற்ற பிறகுதான் அவர்கள் இறங்குவார்கள். படிக்கட்டு, மதில், ஆரஞ்சுத் தோட்டத்துச் சரிவு எங்கும் சனம்.

தெப்பெய் மேற்குப் பக்கம் ஏறினான். உப்பை அள்ளித் தூவினான். கிழக்குப் பக்கம் காலியாக இருந்தது. தோகுஜி அந்தக் காலி இடத்தைப் பார்த்து இடுப்பு வலியோடு குனிந்து வணங்கினார். பிறகு தன் நடுவர் விசிறியைத் திருப்பி ஆட்டத்தைத் தொடங்கினார்.

முதல் ஆட்டம். தெப்பெய் பாய்ந்தான், பிடித்தான், பின்வாங்கினான், விழுந்தான். எல்லாம் முறைப்படி இருந்தது. ஒரு சத்தமும் இல்லை.

"என்னப்பா, வழுக்கிடுச்சா?" என்றாள் ஆரஞ்சுப் பெட்டி கட்டும் கொட்டகைக்காரி ஒருத்தி. சரிவெங்கும் சிரிப்பு பரவியது. மியாகே வானத்தைப் பார்த்தார். கினுயோ மடியில் வைத்திருந்த நெகிழிப் பையை மடித்துக்கொண்டிருந்தாள். மண் எடுத்துப்போகக் கொண்டுவந்த பை.

தோகுஜி பக்கத்தில் வந்து உதடு அசையாமல் சொன்னார். "தபாலாபீஸ்காரனே தேவலைடா."

இரண்டாவது ஆட்டம். இதில் மனிதன் ஜெயிக்க வேண்டும். தெப்பெய் குந்தி, இரண்டு கைமுட்டிகளையும் மண்ணில் ஊன்றினான். எழுந்து பாய்ந்தான். இரண்டு கைகளையும் எதிராளியின் அக்குளுக்கு அடியில் நுழைத்து முதுகுக்குப் பின்னால் கோத்தான்.

கைகளுக்கு அந்தப் பிடி தெரிந்திருந்தது.

காலேஜில் கற்ற பிடிதான். ஆனால் கைகள் அதைக் கடைசியாகப் போட்டது காலேஜில் அல்ல. ஐந்து மாதம், ஒரு நாளைக்கு நான்கு முறை, மிஹோவைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தூக்கியது இப்படித்தான். முதலில் ஐம்பத்திரண்டு கிலோ. பிறகு நாற்பத்தைந்து. பிறகு முப்பத்தாறு. "மெதுவா, மல்லரே, நான் என்ன எதிரியா?" என்பாள் காதோரம்.

இப்போது கைக்குள் பாரம் இருந்தது. முப்பத்தாறு அல்ல. நூறு, நூற்றைம்பது, அளக்க முடியாத பாரம். தோளில் ஒரு தாடை அழுந்தியது. அவன் காலை ஊன்றினான். இடுப்பைத் திருப்பினான். தூக்கி எறிந்தான்.

முன்வரிசை சட்டெனப் பின்னால் நகர்ந்தது. மேலே விழுந்துவிடும் என்று பயந்ததுபோல. கொட்டகைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மேற்கு!" என்று விசிறியை நீட்டினார் தோகுஜி.

மூன்றாவது ஆட்டம். இதில் தோற்க வேண்டும். தோற்கத்தான் வந்திருந்தான். பாய்ந்தான், அதே பிடியைப் போட்டான். பாரம் திரும்பி வந்திருந்தது. அவனைத் தள்ளியது.

தெப்பெய் தள்ளவிடவில்லை.

"நொகோத்தா! நொகோத்தா!" என்று கூவினார் தோகுஜி. ஆட்டம் இன்னும் மிச்சமிருக்கிறது என்று நடுவர் கூவும் கூவல். ஒரு நிமிஷம் ஆனது. சனம் கைதட்டியது. இரண்டு நிமிஷம் ஆனது. கைதட்டல் நின்றது. அவன் குதிகால் மண்ணில் பள்ளம் பறித்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வியர்வை மேடையில் சொட்டி வட்டம் போட்டது.

"என்னடா பண்றே, விழுடா!" என்றார் தோகுஜி தாழ்ந்த குரலில்.

"மாட்டேன்."

"சாமிடா அது!"

"தெரியும்! அதான் மாட்டேன்!"

அந்தக் குரல் மதில்வரை கேட்டது. நடவுப் பெண்கள் நாற்றை மார்போடு அணைத்துக்கொண்டார்கள். கிழவர் ஒருவர் எழுந்து நின்று கைகூப்பினார், யாரை நோக்கி என்று தெரியாமல். சாமி தோற்ற வருஷம் என்று ஒன்று அந்தத் தீவில் இருந்ததே இல்லை. மியாகேயின் முகம் வெளுத்தது. ஆனால் மேடையில் கால் வைக்க அவருக்கும் உரிமையில்லை.

தெப்பெய் தள்ளினான். நாலாம் மாடியை, தாளை, பேனாவைத் தள்ளினான். இரண்டு வருஷம் தேடிய எதிராளி ஒருவழியாகக் கைக்குள் இருந்தார். விட மனசில்லை. ஓர் அடி முன்னேறினான். இன்னோர் அடி. கிழக்கு வரம்புவரை கொண்டுபோனான். சனம் மூச்சைப் பிடித்தது. இன்னும் அரை அடி.

அப்போது அவர் தள்ளத் தொடங்கினார்.

அவசரமே இல்லாமல் தள்ளினார். வேர் கல்லைத் தள்ளுவதுபோல. தெப்பெய் முழு பலத்தையும் போட்டான். அது போதவில்லை. அவனுடைய பாதங்கள் சறுக்கின. நடு மேடை. மேற்கு வரம்பு. வைக்கோல் மேட்டில் குதிகால் முட்டியது. உடம்பு வில்லாக வளைந்தது. அவன் ஒரு சொட்டு பலத்தையும் மிச்சம் வைக்கவில்லை. ஒரு சொட்டையும் தானாக விட்டுக்கொடுக்கவில்லை. பாதம் தரையை விட்டது.

வரப்பைத் தாண்டிப் பறந்துபோய்க் கோயில் வயலில் மல்லாக்க விழுந்தான். தண்ணீர் ஆளுயரம் எழும்பி நடவுப் பெண்களை நனைத்தது.

பிறகு தோகுஜி விசிறியை உயர்த்தி, யாருமில்லாத கிழக்கு நோக்கி நீட்டினார்.

"கிழக்கு! நெல் சாமிக்கு வெற்றி!"

தீவு முழுவதும் கத்தியது. படிக்கட்டும் மதிலும் சரிவும் கத்தின. துறையில் நின்ற படகுக்காரர் என்னவென்று தெரியாமலே சங்கை ஊதினார். கிழவர்கள் காலி மேடையை விழுந்து கும்பிட்டார்கள். சேற்றில் கிடந்த தெப்பெய்யின் தொண்டையிலிருந்தும் ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்று நினைத்தான். அழுகை. அது வந்துகொண்டே இருந்தது. நடுவில் சிரிப்பும் வந்தது. இரண்டையும் அவன் நிறுத்தவில்லை.

எழுந்து வந்து மேடையேறி எதிராளியை வணங்கினான். முதுகைத் தட்டவில்லை.

முதல் ஆளாக வந்தது கொட்டகைக்காரி. அவன் முதுகிலிருந்து சேற்றை இரண்டு விரலால் வழித்துக் கைக்குட்டையில் வைத்தாள். "வழுக்கலேப்பா, வழுக்கலே," என்றாள். பின்னால் தபாலாபீஸ்காரர் காலித் தீப்பெட்டியோடு நின்றார். அவருக்குப் பின்னால் வரிசை வாசல் வளைவு தாண்டிப் போனது.

"மாப்ள, குனிங்க. எனக்கு எட்டல."

கினுயோ நெகிழிப் பையைப் பிரித்துக் கைநிறைய வழித்தாள்.

"எவ்ளோ எடுக்கறீங்க அத்தை, ஒரே துண்டு வயல்தானே?"

"ரெண்டு பேருக்குச் சேத்து எடுக்கறேன்," என்றாள். பையை முடிச்சுப் போட்டாள். "இன்னிக்கு அவளுக்குப் போரடிச்சிருக்காது."

நடவுப் பெண்கள் பாடிக்கொண்டே வயலில் இறங்கினார்கள். முதல் நாற்று, அவன் விழுந்த பள்ளத்தில் நின்றது.

தோகுஜி நாற்காலியில் சாய்ந்து தொடையைத் தட்டினார். "அடுத்த வருஷமும் நீதான்டா!"

"அடுத்த வருஷம் விட மாட்டேன் அண்ணே. அரை அடிதான் பாக்கி."

"பதினோரு வருஷமும் நான் இதையேதான் சொன்னேன்," என்றார் தோகுஜி.