மரியாதைக்குப் பூட்டிய கதவு

நாடு முழுவதும் சட்டையில் குத்திக்கொள்ளப் போகும் கறுப்பு ரிப்பன்களை அந்த ஆண்டு தைத்துக் கொடுத்தது அவர்கள் ஆலைதான். போன வாரம் முழுக்க மூன்றாம் மாடிக் கூடத்தில் வேறு வேலையே இல்லை. மடிப்பு கோணலாகிக் கழித்துப் போட்ட ரிப்பன்கள் இஸ்திரி மேஜைக்கு அடியில் இன்னும் குவிந்து கிடந்தன.

"செத்தும் நமக்கு ஓவர்டைம் வாங்கிக் குடுத்தாளுங்க, மகராசிங்க" என்றாள் காஜா எடுக்கும் அக்கா. சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டு, சித்தியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

சித்தி என்பது அவள் பெயரில்லை. அவளுடைய உடன்பிறந்த அக்காவின் மகள் இங்கே இஸ்திரி போட வந்து, "சித்தி, சித்தி" என்று கூப்பிடப் போய், கூடத்துக்கே அவள் சித்தியாகிவிட்டாள். அவளைவிட மூத்த சூப்பர்வைசர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். தைத்து வரும் துணியில் பிசிறு வெட்டிச் சரிபார்ப்பது அவள் வேலை. பேச்சு அவளுக்கு எண்ணிப் போட்டதுபோல வரும். அதுவும் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும்.

எந்தத் தீயின் நினைவுக்கு இந்த ரிப்பன்களோ, அந்தத் தீயில்தான் அவளுடைய அக்கா செத்தாள். ஊரின் மறுகோடியில் இதே மாதிரி ஒரு தையல் ஆலை. துணியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று கதவை வெளியே பூட்டியிருந்தார்கள். புகை கிளம்பியதும் பெண்கள் எழுந்திருக்கிறார்கள். "சின்னப் புகைதான், உக்காந்து வேலையப் பாருங்க" என்று ஒரு குரல் அதட்டியிருக்கிறது. சன்னலை உடைத்துக் குதித்துப் பிழைத்த ஒருத்தி பிறகு வந்து சொன்னாள்: எழுந்த அக்கா மறுபடி உட்கார்ந்தாளாம்.

அதிலிருந்து ஆண்டுதோறும் அந்த நாளில் சங்கு ஊதும். நாடே எழுந்து நின்று மௌனம் காக்கும். மறுசங்கு ஊதும்வரை பஸ்கூட நகராது.

இந்த முறை தொலைக்காட்சிக்காரர்கள் ஒரு தையல் கூடத்திலிருந்தே நேரடியாகக் காட்டப் போகிறார்களாம். கேமராக்காரர் ஒருவர் வந்து மூலையில் மூன்று கால் ஸ்டாண்டை விரித்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் புதுச் சட்டையில் மாப்பிள்ளை போல அலைந்தார்.

"நல்லாக் கேட்டுக்கங்க. சங்கு ஊதினதும் கையில இருக்கறத அப்படியே விட்டுட்டு எந்திரிக்கணும். தலை குனிஞ்சிருக்கணும். இருமல், தும்மல் எல்லாம் இப்பவே முடிச்சுக்கங்க."

"விக்கல் வந்தா?" என்றாள் காஜா அக்கா.

"முழுங்கு."

அப்போதுதான் வெளியே இரும்பு இரும்போடு உரசும் ஓசை கேட்டது. சித்தியின் கையில் கத்தரிக்கோல் நின்றது. தாழ்ப்பாள் விழுந்தது. பின்னாலேயே பூட்டு.

அவள் எழுந்து சூப்பர்வைசரிடம் போனாள். அவளாக எழுந்து அவரிடம் போவது அதுதான் முதல் தடவை.

"கதவ ஏங்க பூட்டுறாங்க?"

"போன வருஷம் மௌனத்துக்கு நடுவுல ரெண்டு புள்ளைங்க பாத்ரூம் போயிட்டு டமால்னு கதவச் சாத்தினாங்க இல்ல? இன்னைக்கு நாடே பாக்குது சித்தி. மறுசங்கு ஊதினதும் திறந்துடுவாங்க."

"அன்னைக்கும் பூட்டித்தான்…"

"அது திருடுவாங்கன்னு பூட்டினது. இது மரியாதைக்குப் பூட்டுறது. வித்தியாசம் தெரிய வேணாமா? உங்க அக்காவுக்கும் சேத்துத்தானே நிக்கிறோம்? போய் நில்லுங்க."

அவள் போய் நின்றாள்.

சங்கு ஊதியது. மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. இத்தனை பேர் இருக்கும் கூடம் இவ்வளவு அமைதியாக இருக்க முடியும் என்பதே பயமாக இருந்தது.

எதற்காக நிற்கிறோம் என்று ஒவ்வோர் ஆண்டும் இந்த நேரத்தில் அவள் யோசிப்பாள். முதல் ஆண்டு யாரும் யாரையும் நிற்கச் சொல்லவில்லை. தெருவில் முன்பின் தெரியாதவர்கள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அந்த அழுகை அவளைத் தாங்கியது, அதை மறுக்க முடியாது. இத்தனை பேருக்கு வலிக்கிறது, இனி இப்படி நடக்க விடமாட்டார்கள் என்று நம்பினாள். பிறகு நாள் குறித்தார்கள். ரிப்பன் வந்தது, சங்கு வந்தது, எப்படி நிற்க வேண்டும் என்று சொல்லித்தர ஆள் வந்தார். செத்தவர்களுக்குக் காது கேட்காது. நிற்பது அவர்களுக்காக இருக்க முடியாது. ஒன்றுக்கு நாள் குறித்துவிட்டால் அது முடிந்துபோனது என்று ஆகிவிடுகிறது. முடிந்துபோனது மறுபடி வராது என்று மனிதர்கள் தங்களுக்கே சொல்லிக்கொள்ளத்தான் நிற்கிறார்களோ?

மூக்கில் ஏதோ ஏறியது.

துணி கருகும் வாடை. அவளுக்கு மட்டும் வந்த வாடை அல்ல. எதிரே காஜா அக்காவின் மூக்கு விடைத்தது. இரண்டு வரிசை தள்ளி ஒருத்தியின் கண் குனிந்த தலைக்குள்ளிருந்து பக்கவாட்டில் ஓடியது. தலைகள் மட்டும் நிமிரவில்லை.

சித்தி நிமிர்ந்தாள். இஸ்திரி மேஜையில் அக்கா மகள் கைகட்டி நின்றிருந்தாள். கையில் இருப்பதை அப்படியே விடச் சொன்னார்கள், விட்டிருக்கிறாள். இஸ்திரிப் பெட்டி துணிமேல் கவிழ்ந்து கிடந்தது. அதன் விளிம்பைச் சுற்றிப் புகை நூல் பிரிவதுபோல எழுந்தது. பெண் அதைப் பார்த்துக்கொண்டேதான் நின்றாள்.

கேமரா இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

"அடியே, பெட்டிய எடுடி!"

அந்தச் சத்தம் அவளுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம். பெண் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். பெட்டியைத் தொடவில்லை. முதலில் சூப்பர்வைசரைப் பார்த்தாள். எடுக்கலாமா என்று கேட்டது அந்தப் பார்வை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உதட்டில் விரல் வைத்தார். பெண் மறுபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

சித்தி ஓடினாள். முட்டி மேஜைக்காலில் இடித்தது தெரியவில்லை. பெட்டியைத் தூக்கியதும் அடியில் காற்றுப் பட்டுத் துணி குப்பென்று பற்றியது. எரியும் துண்டு ஒன்று மேஜைக்கு அடியில் ரிப்பன் குவியலில் விழுந்தது.

அதற்குப் பிறகு மௌனமில்லை. அலறிக்கொண்டு எல்லாரும் கதவுக்கு ஓடினார்கள். கேமராக்காரர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். கதவை இழுத்தார், உதைத்தார், தோளால் மோதினார். சூப்பர்வைசரின் முகத்தில் ஈயாடவில்லை. "திறடா! டேய், திறடா!" என்று கதவைக் குத்தினார். கதவு அசைந்தது, திறக்கவில்லை.

காஜா அக்கா மட்டும் குடிதண்ணீர் டிரம்மை உருட்டி வந்து கவிழ்த்தாள். சித்தியும் அவளுமாக நனைந்த கோணியால் அடித்தார்கள். தீ அடங்கியது. புகை அடங்கவில்லை. கருகிய ரிப்பன்களிலிருந்து கண்ணைப் பிடுங்கும்படி எழுந்து கூரையில் படர்ந்தது. அடித்து அடித்துக் கை ஓய்ந்தபோது வெளியே மறுசங்கு ஊதியது.

உடனே பூட்டுத் திறந்தது.

வாசலில் வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார். சாவி அவர் கையிலேயே இருந்தது. அவர் கண் கலங்கியிருந்தது, உண்மையாகவே கலங்கியிருந்தது.

"தட்டுனது கேக்கலையாய்யா உனக்கு?" என்று காஜா அக்கா அவர் சட்டையைப் பிடித்தாள்.

"கேட்டுச்சும்மா. மௌனம் முடியட்டும்னுதான் நின்னேன். நடுவுல அசையக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க."

படிக்கட்டில் நின்று எல்லாரும் இருமினார்கள். யாரோ அழுதார்கள். யாரோ சிரித்தார்கள். கீழேயிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்து என்ன என்று கேட்க, சூப்பர்வைசர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல சார். சின்னப் புகைதான். அணைச்சாச்சு." இவர்கள் பக்கம் திரும்பினார். "ம், போதும். உள்ள போய் உக்காருங்க."

கூடத்துக்குள் இன்னும் புகை நின்றது. உள்ளே எங்கோ நீர் சொட்டும் சத்தம், அதற்குள்ளிருந்து எதுவோ கனன்று பொரியும் மெல்லிய ஓசை. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே நடந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி.

சித்தி அக்கா மகளின் மணிக்கட்டைப் பிடித்துப் படியில் இறங்கத் திரும்பினாள். அந்தக் கை அவளோடு வரவில்லை.

"விடு சித்தி," என்றாள் பெண், கெஞ்சலாக. "உக்காரச் சொல்றாங்க இல்ல?"

சித்தி இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அந்தக் கை அவள் பிடிக்குள்ளிருந்து கூடத்தின் பக்கமாக இழுத்துக்கொண்டே இருந்தது.