ஐம்பதாவது தாள்

"மறுபடி எண்ணுடா! நாப்பத்தொம்பதுதான் வருது. இன்னொண்ண எவன்கிட்டடா வித்த?"

"மாமா, சத்தியமா நான் தொடவே இல்ல!"

"ஏங்க, மெதுவாப் பேசுங்க. பக்கத்து வீட்டுக்குக் கேக்கப் போகுது" என்றாள் எம்.எல்.ஏ.வின் மனைவி.

பக்கத்து வீடு நான்தான். கேட்காமல் என்ன? நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். சுவருக்கும் காது உண்டு என்பார்கள்; இந்தச் சுவருக்கு இருப்பவை என்னுடைய காதுகள். வழக்கமாக இப்படி ஒரு சண்டை கிடைத்தால் அடுப்பைத் தணித்து வைத்துவிட்டு ஆற அமரக் கேட்பேன். அன்று அடுப்பைத் தணிக்கக்கூடத் தோன்றவில்லை.

விஷயம் இதுதான். மாதாமாதம் எம்.எல்.ஏ. தலைநகருக்குக் கிளம்பும் முன் தன் பெயர் அச்சடித்த ஐம்பது வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போவார். பள்ளிக்கூட சீட்டு, ஆஸ்பத்திரிப் படுக்கை என்று யாராவது வந்து நின்றால், மனைவியின் தம்பி மேலே நாலு வரி டைப் அடித்துக் கொடுத்துவிடுவான். பதினோரு வருடத்தில் எம்.எல்.ஏ. சபையில் எழுந்து பேசியது இரண்டே முறை. ஒரு முறை, தலைக்கு மேலிருந்த விசிறி சத்தம் போடுகிறது என்று. இன்னொரு முறை, அதைச் சரி செய்ததற்கு நன்றி சொல்லி. தொகுதிக்கு அவர் செய்ததெல்லாம் அந்தத் தாள்களில்தான்.

ஆனால் அந்த மாதம் ஆட்சியே ஒரு ஓட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. போன வாரம் பக்கத்துத் தொகுதிக்காரர் சபையில் உட்கார்ந்திருக்கும்போதே அவருடைய ராஜினாமா கடிதத்தைச் சபாநாயகர் வாசித்தார். தாள் அவருடையது, கையெழுத்தும் அவருடையது. நடுவிலிருந்த இரண்டு வரியை எவன் அடித்தான் என்றுதான் தெரியவில்லை. "நான் எழுதலைங்க, நான் எழுதலைங்க" என்று கத்திய மனுஷனைக் காவலர்கள் வெளியே கொண்டுபோய் விட்டார்கள். விடிந்தால் நம்பிக்கை வாக்கெடுப்பு. இன்றைக்கு இவர் வீட்டில் ஒரு தாள் குறைகிறது.

குறைந்த தாள் என் அலமாரியில், துணிகளுக்கு அடியில் இருந்தது.

என் மகள் நர்ஸ். எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் வேலை. இடமாற்றத்துக்கு ஒரு சிபாரிசு கேட்கலாம் என்று முந்தின நாள் எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போயிருந்தேன். ஊர் வம்பெல்லாம் அளக்கிற வாய், சொந்தக் காரியம் என்றதும் பூட்டிக்கொண்டது. "பொண்ணு விஷயமா..." என்று இழுத்தேன். "இருங்கக்கா, தண்ணி கொண்டு வரேன்" என்று அவர் மனைவி உள்ளே போனாள். மேசையில் மேல் தாள் காற்றில் படபடத்தது. அவ்வளவுதான்.

சுவருக்கு அந்தப் பக்கம் பளாரென்று ஒரு அறை விழுந்தது. "போலீஸ்ல குடுத்தாத்தான்டா உண்மையக் கக்குவ!"

திருடிக்குத் தேள் கொட்டிய கதையாக நின்றேன். தாளை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனேன். 'போலீஸ்' என்ற சொல் மறுபடி கேட்டது. கால் தானாகச் சமையலறைக்குத் திரும்பியது. அடுப்பில் காட்டினேன். அவருடைய பெயர் முதலில் சுருண்டது, கையெழுத்து கடைசியில்.

"அக்கா, ஏதோ கருகுற வாசம் வருதே?" சுவருக்கு அப்பாலிருந்து அவள் குரல்.

"பால் பொங்கிடுச்சும்மா!"

மறுநாள் டி.வி.யில் அவரைப் பார்த்தேன். ஓட்டுப் போட்டார், ஆட்சி தப்பித்தது. ஆனால் அவர் கண் முழுக்கச் சபாநாயகரின் கையிலேயே இருந்தது. அந்தக் கை எந்தத் தாளை எடுத்தாலும் இவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அப்படித்தான். இல்லாத தாளுக்குப் பயந்து கட்சிக்காரர்கள் நில் என்றால் நின்றார், உட்கார் என்றால் உட்கார்ந்தார். தபால்காரர் நீட்டிய ரசீதில்கூடக் கையெழுத்துப் போட மாட்டார், மனைவிதான் போடுவாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனுஷன் தூங்கியிருப்பார். சொன்னால் நம்ப வேண்டுமே. எரித்தேன் என்பதற்குச் சாம்பல்கூட என்னிடம் இல்லை. அழைப்பு மணி அடித்தால் நானும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

தம்பிக்காரன் அன்றைக்கே ஒரு பையோடு கிளம்பியவன்தான். எங்கோ போய் அச்சகக்காரர் மகளைக் கட்டிக்கொண்டான். அக்காவைக் கல்யாணத்துக்குப் போக விடவில்லை அவர். என் மகள், எந்தச் சிபாரிசும் இல்லாமல், அங்கேயே ஒருத்தனைக் கல்யாணம் செய்துகொண்டு இன்னும் தூரமாகப் போய்விட்டாள். அடுத்த தேர்தலில் எம்.எல்.ஏ. நிற்கவில்லை. வீட்டைக் காலி செய்தார்கள்.

சாமான் லாரி உறுமிக்கொண்டு நின்றது. அவர் முன்பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவள் மட்டும் என் வாசலுக்கு வந்து, மடித்த தாள் ஒன்றை நீட்டினாள்.

"உங்க வீட்ல பால் பொங்குச்சே ஒருநாள், அதுக்கு முந்தின நாள் பொண்ணு விஷயமா ஏதோ கேக்க வந்தீங்களே அக்கா. அந்த நாப்பத்தொம்பதுல ஒண்ணு எடுத்து வெச்சிருந்தேன். இந்தாங்க."

லாரி தெருமுனை திரும்பிய பிறகுதான் பிரித்தேன். மேலே அவர் பெயர். அடியில் கையெழுத்து. நடுவில் ஒன்றுமே இல்லை. காற்று துளியும் இல்லாத அந்த மத்தியானத்தில் தாள் என் கையில் படபடத்துக்கொண்டே இருந்தது.